வட்டின் முன் ஒரு வரிசை

திருப்பதிவாசிகளுக்கு வரிசை புதிதன்று. திருமலையில் இலவச தரிசனத்துக்கு ஒரு வரிசை, 300 ரூபாய்ச் சீட்டுக்கு வேறொரு வரிசை. கணினி வட்டின் முன்னும் இத்தகைய வரிசை உண்டு. கல்வெட்டுப் படங்களை நகலெடுக்கும் வேளையில் சொற்செயலியைத் திறந்தால் நெடுநேரம் அசைவதில்லை. குறை சொற்செயலியினுடையதன்று, அதன் சிறு கோரிக்கைகள் பெரும் நகலெடுப்பின் பின்னே காத்துக் கிடக்கின்றன.

லினக்ஸில் 2006 முதல் இயல்பாக அமைந்திருந்த சி.எஃப்.கியூ. என்னும் வரிசைமுறை, செயலிகளுக்கு வட்டின் நேரத்தைப் பங்கிட்டது. 2008இல் ஃபாபியோ செக்கோனியும் பாவோலோ வாலெண்டேயும் பி.எஃப்.கியூ. என்ற மாற்றை முன்வைத்தனர். இதில் பங்கிடப்படுவது நேரமன்று, தரவின் அளவு. புதிதாகத் திறக்கும் செயலிக்குச் சற்று நேரம் முன்னுரிமை தரும் உத்தியும் பின்னர்ச் சேர்ந்தது.

எனினும் லினக்ஸ் கருவில் அது இடம்பெற்றது 2017இல், 4.12ஆம் பதிப்பில்தான். பழைய முறையையே திருத்தலாமே என்றனர் சிலர். புதிய பல்வரிசைக் கட்டமைப்புக்கேற்ப மாற்றி எழுத வேண்டும் என்ற நிபந்தனையும் எழுந்தது. 2019இல் சி.எஃப்.கியூ. நீக்கப்பட்டது.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் தரிசித்தனர் என்பது ஒரு கணக்கு. வரிசையில் நின்ற ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது வேறு கணக்கு. இரண்டாவதையும் எண்ண வேண்டும் என்பதே அந்த ஒன்பது ஆண்டு வழக்கின் சாரம்.