மனைவி எங்கே உட்கார்வது?

குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் கூடிப் பேசும் கூட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கியது. அதைப் பார்த்துக் கற்று, பிறகு தன் வழியில் போன அமைப்பு ஒன்று ஜப்பானில் இருக்கிறது. பெயர் தான்ஷுகாய். ஷிகோகு தீவின் கோச்சியில் மட்சுமுரா ஹருஷிகே 1958இல் அமைத்த சங்கமும் டோக்கியோ சங்கமும் கைகோத்து, 1963இல் அது நாடு தழுவிய கூட்டமைப்பானது.

இரண்டு அறைகளிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் தன் குடிக்காலத்தைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் முறை வரும். "இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம்" என்பதும் இரண்டுக்கும் பொது.

வேறுபாடு வாசலிலேயே தொடங்குகிறது. ஏ.ஏ.வில் முதல் பெயர் போதும். முகவரி கேட்பதில்லை, சந்தா இல்லை. சுற்றி வரும் பையில் விரும்பியவர் விரும்பியதைப் போடலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. பெயரை மறைப்பது மானத்தைக் காக்க மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். தனி ஒருவர் இயக்கத்தின் முகமாகி, புகழில் மிதந்து, பிறகு மறுபடி குடித்துவிட்டால் எல்லார் நம்பிக்கையும் சரியும். அதற்கான முன்யோசனையும் அந்த விதியில் இருக்கிறது.

தான்ஷுகாயில் முழுப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். உறுப்பினர் சந்தா உண்டு, தலைவர் உண்டு, ஓராண்டு குடிக்காமல் இருந்தவருக்குப் பாராட்டுச் சான்றிதழும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், குடும்பம் கூடவே வருவது. கணவர் பேசி முடித்ததும் பக்கத்தில் இருக்கும் மனைவியும் எழுந்து தன் பங்கைச் சொல்வார். "எப்போதாவதுதான் குடித்தேன், யாரையும் கை நீட்டி அடித்ததில்லை" என்ற வகைப் பேச்சு அங்கே எடுபடாது. நடந்ததைப் பார்த்த சாட்சி அடுத்த நாற்காலியில் இருக்கிறார். குடித்தவரின் ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை வீட்டில் உள்ளவர்தான் நிரப்ப முடியும். இந்த ஒரு விஷயத்தில் ஜப்பானியர் செய்ததுதான் சரி என்பேன்.

ஆனால் மனைவி முன் வாயே திறக்காதவர்களும் உண்டு. மறைத்த கடனையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்த பாட்டிலையும் முதலில் அந்நியரிடம் சொல்வதே சிலருக்குச் சுலபம். ஏ.ஏ. அதற்கு இடம் தருகிறது. குடும்பத்தாருக்கு, பில்லின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951இல் உருவாக்கிய அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. மனைவி பிரிந்துபோனவர், மணமாகாதவர், பெண் குடிநோயாளிகள் ஆகியோருக்குத் தம்பதிகள் நிறைந்த அறை கூச்சம் தரும். தான்ஷுகாயும் இதை உணர்ந்து தனியாட்களுக்கும் பெண்களுக்கும் வேறு கூட்டங்கள் நடத்துகிறது. 1975இல் ஜப்பானிய மொழியிலான ஏ.ஏ. கூட்டமும் ஜப்பானில் தொடங்கியது. இன்று இரண்டும் அங்கே அக்கம்பக்கமாக இயங்குகின்றன.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், தான்ஷுகாயில் வருவதில்லை. இதைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள்; எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. நாத்திகரும் ஏ.ஏ.வில் வந்து உட்கார்கிறார்கள்.

முக்கியமானது வேறு. வெளிவிவகாரம் எதிலும் ஏ.ஏ. கருத்துச் சொல்லாது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்றால் மௌனம்தான். அதனால் எந்தக் கட்சிக்காரரும் தயங்காமல் உள்ளே வரலாம். பெயரும் பதிவும் கொண்ட தான்ஷுகாய்க்கோ அரசோடு பேச முடிந்தது. மதுவால் வரும் உடல்நலக் கேட்டைத் தடுக்க 2013இல் ஜப்பான் நாடாளுமன்றம் ஓர் அடிப்படைச் சட்டம் இயற்றியது. மருத்துவர் அமைப்புகளோடு சேர்ந்து அதற்காக உழைத்தவர்களில் தான்ஷுகாய்க்காரர்களும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் நமக்குக் கிடைப்பது ஏ.ஏ.; தமிழிலேயே நடக்கும் கூட்டங்கள் உண்டு. ஆனால் இங்கே குடிப்பவரை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான். அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்தில் குடும்பத்தாரும் உட்காரலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். தேவாலயத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடந்தால் மதம் மாற்றுகிறார்கள் என்று பயப்பட வேண்டாம். இடம் கிடைத்தது, அவ்வளவுதான். முதல் கூட்டத்தில் பேசியே தீர வேண்டியதில்லை. ஒரு குழு பிடிக்காவிட்டால் இன்னொரு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். குழுவுக்குக் குழு சூழல் மாறும்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூட்டம் மருந்துக்கு மாற்று இல்லை. கணவர் எதற்கும் வர மறுத்தாலும் மனைவி அல்-அனானுக்குத் தனியாகவே போகலாம். கணவர் குடியை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே கிடையாது.