கோட்டைக் கிணறும் மொட்டைமாடித் தொட்டியும்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே நம் சங்கத்தின் வேலைப் பட்டியலில் வடிகால் அடைப்பு எடுப்பது, ஜெனரேட்டருக்கு டீசல், லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கினால் இறைக்க ஒரு பம்பு என்று எல்லாம் வந்துவிடுகின்றன. காய்ச்சல் காலத்துக்கான ஏற்பாடு மட்டும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. அதை அவரவர் வீட்டு விஷயம் என்று விட்டுவிடுகிறோம்.

நம் ஊரின் வரலாற்றைப் புரட்டினால் வேறு பாடம் கிடைக்கிறது. பருவத்தோடு வரும் நோய்களைச் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் சமாளித்த கதை, ‘எங்கள் மதிலுக்குள் மட்டும் நன்றாக இருந்தால் போதும்’ என்ற எண்ணம் திரும்பத் திரும்பத் தோற்ற கதை. மழைக்கு முன் அதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

15 படுக்கைகள், ஓராண்டு மருந்து

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து இயங்கிய ஒரு ஆதுலர் சாலையின், அதாவது மருத்துவமனையின், வரவு செலவுத் திட்டமே அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அங்கே 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம். அறுவை சிகிச்சை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொண்டுவரவும் மருந்து தயாரிக்கவும் ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய மருந்துகளைப் பெயர் சொல்லிச் சேமித்து வைக்கவும் ஏற்பாடு இருந்தது. நோய் வந்த பிறகு ஓடுவதற்குப் பதிலாக, வரும் என்று தெரிந்தே பணமும் ஆளும் மருந்தும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பு!

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வசதி கோயிலைச் சேர்ந்த பணியாளர்களுக்கும், அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் உரியது. இன்றைய பேச்சில் சொன்னால், அது ஒரு ‘கேட்டட் கம்யூனிட்டி’க்கான மருத்துவமனை.

கோட்டைக்குப் போன தண்ணீர்

சென்னைக்கு வருவோம். 1772-ல், இன்றைய ஜார்ஜ் டவுனின் வடபகுதியில் கிணறுகள் வெட்டி, அங்கிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஏழு கிணறு என்ற பெயர் அந்தப் பகுதிக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு நல்ல தண்ணீர் உறுதியானது. வெளியே இருந்த ஊர் தன் கிணறுகளையும் குளங்களையும் நம்பியே இருந்தது. மழையில் சாக்கடையும் குளமும் ஒன்றாகும்போது வாந்திபேதி வந்தது. கோடையில் தண்ணீர் வற்றிக் குட்டையானபோதும் வந்தது.

காலரா மதிலைப் பார்த்து நிற்கவில்லை. தீவுத்திடல் அருகே குதிரை மேல் சிலையாக அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோ, மதராஸ் மாகாணத்தின் கவர்னர். அன்றைக்குக் கிடைக்கக்கூடிய எல்லா வசதியும் அவருக்கு இருந்தது. 1827 ஜூலையில் சுற்றுப்பயணத்தின்போது, பட்டிக்கொண்டாவில் காலராவில்தான் அவர் இறந்தார்.

1872-ல் செங்குன்றம் ஏரியிலிருந்து நகரத்துக்கே தண்ணீர் கொண்டுவரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் திறந்த கால்வாயில் வந்தது, வடிகட்டப்படவும் இல்லை. 1884-ல் ராபர்ட் கோச் கொல்கத்தாவில், மக்கள் புழங்கிய குளத்து நீரில் காலரா கிருமியைக் கண்டார். தண்ணீர் ஓடி வந்தால் மட்டும் போதாது, சுத்தமாக வர வேண்டும் என்பதற்கு வலுவான சான்று அது. 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் மணல் வடிகட்டிகள் செயல்படத் தொடங்கின. அன்றிலிருந்துதான், குழாய் இணைப்பு எட்டிய இடங்களிலெல்லாம் பணக்காரர் வீட்டுக்கும் தெருக்குழாய்க்கும் ஒரே வடிகட்டிய தண்ணீர் போனது.

வேப்பிலையும் கிண்டியும்

கோடையின் நோய் அம்மை. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வெளியார் நுழையமாட்டார்கள். அது அம்மன் மீதான பக்தி. அதே நேரத்தில் தெருவுக்கே ஓர் அறிவிப்பு. எந்த அதிகாரியும் உத்தரவு போடாமல், ஒரு தெரு தானாகக் கடைப்பிடித்த தனிமைப்படுத்தல் அது.

ஆனாலும் பெரியம்மையை வேப்பிலையால் மட்டும் தடுக்க முடியவில்லை. அம்மைப்பால் தயாரிப்பதற்காக 1899-ல் கிண்டியில் ஒரு நிலையம் உருவானது. மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பவரின் பெயரைத் தாங்கிய கிங் இன்ஸ்டிடியூட்தான் அது. நம்மில் பலர் கத்திப்பாரா பக்கம் போகும்போது தினமும் அதைத் தாண்டித்தான் போகிறோம். மேல்கையில் அம்மைத் தழும்பு உள்ள நம் பெரியவர்களிடம் கேட்டால், தடுப்பூசி போட வீடு வீடாக வந்தவர்களைப் பற்றிச் சொல்வார்கள். கதவைத் திறந்தவர்களும் இருந்தார்கள், கொல்லைப்புறமாக ஓடியவர்களும் இருந்தார்கள். கடைசிக் கதவும் திறந்த பிறகே நோய் ஒழிந்தது. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டதாக அறிவித்தது.

தொட்டியில் வளர்ந்த நோய்

இப்போது நம் கதைக்கு வருகிறோம். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்ற பழைய நம்பிக்கை அதோடு முடிந்தது.

சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. கிணறு, மூடி சரியில்லாத சம்ப், மொட்டைமாடித் தொட்டி போன்ற நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவும் அப்படித்தான். அதற்குப் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, பழைய டயர், பால்கனியில் கவிழ்க்காமல் விட்ட வாளி போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகூட மாதக்கணக்கில் தாங்கி, அடுத்த மழையில் பொரியும்.

இந்த நோய்கள் நமக்குப் புதியவை அல்ல. 1964-ல் சென்னையில் சிக்குன்குனியா பெரிய அளவில் பரவியது. மூட்டு மூட்டாக வலித்த 2006-ஆம் ஆண்டை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது.

இதற்குச் சட்டமும் பழையது. 1939-ல், ராஜாஜி அரசின் காலத்தில், மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. கொசு உற்பத்தியாகும்படி தண்ணீரைத் தேங்கவிடக் கூடாது என்பதை அது வீட்டில் குடியிருப்பவரின் பொறுப்பாக்கியது. சுகாதார அதிகாரி உள்ளே வந்து பார்க்கலாம், நோட்டீஸ் கொடுக்கலாம். என் தொட்டி என் சொந்த விஷயம் என்ற வாதம் அன்றே முடிந்துவிட்டது. அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

நம் கேட்

இன்று மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கையில் டார்ச்சும் பையில் மருந்துமாகத் தெருத் தெருவாக வருகிறார்கள். தனி வீடுகளில் பெரும்பாலும் உள்ளே போய்ப் பார்த்துவிடுகிறார்கள். நகரின் பல அபார்ட்மெண்ட்டுகளில் அவர்கள் நிற்கும் இடம் கேட். ஆப்பில் அனுமதி இல்லை, செக்ரட்டரி ஊரில் இல்லை, மொட்டைமாடிச் சாவி யாரிடமோ இருக்கிறது என்ற பதில்களோடு, நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நூறு வீடுகளுக்குத் தண்ணீர் தரும் தொட்டி பார்க்கப்படாமலே இருக்கிறது. அங்கே வளரும் கொசு முதலில் கடிப்பது நம் பிள்ளைகளை. பிறகு மதிலைத் தாண்டி, பின் தெருவில் ஓட்டு வீட்டில் இருப்பவர்களை. நம் வீடுகளில் வேலை செய்ய வருபவர்களில் பலரின் வீடு அங்கேதான் இருக்கிறது. கோட்டைக்கு மட்டும் தண்ணீர் கொண்டுபோன காலத்துக்கு நாம் திரும்பிவிடக் கூடாது.

இந்த மழைக்கு முன் நம் சங்கம் செய்யக்கூடியவை சில:

1. மாநகராட்சிப் பணியாளருக்கு ஆப் அனுமதி வேண்டாம் என்று செக்யூரிட்டிக்கு எழுத்துமூலம் சொல்வது. அடையாள அட்டையைப் பார்த்து, கூடவே நம் பராமரிப்பு ஊழியர் ஒருவரை அனுப்பினால் போதும். மொட்டைமாடி, சம்ப் சாவிகள் கேட் அறையிலேயே இருக்கட்டும்.

2. ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘காய்ந்த நாள்’. தட்டு, வாளி, ஏசித் தண்ணீர் பிடிக்கும் டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்து, ஓரத்தைத் தேய்த்துக் கழுவுவது. குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

3. நம் வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, எத்தனை மணி வரை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. அங்கே காய்ச்சலுக்குப் பார்க்கவும் ரத்தப் பரிசோதனைக்கும் பணம் கிடையாது. பக்கத்தில் மூன்று எண்களும் இருக்கட்டும்: மாநகராட்சிப் புகாருக்கு 1913, மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.

4. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் பரிசோதனை. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கலாம்; அதைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தக்கசிவு தெரிந்தால் உடனே மருத்துவமனை. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போட வேண்டாம்.

5. செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் ஆகியோருக்குக் காய்ச்சல் என்றால் சம்பளம் பிடிக்காத விடுப்பு. காய்ச்சலோடு ஒருவர் வேலைக்கு வரும்படி ஆனால், அவரைக் கடித்த கொசு அடுத்துக் கடிக்கப்போவது நம் வீட்டில் ஒருவரைத்தான்.

திருமுக்கூடலில் ஓராண்டுக்கு வேண்டியதைக் கணக்குப் போட்டுக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நமக்கு ஒரு தாளும் நான்கு ஆணியும் போதும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இந்த ஐந்தையும் தீர்மானமாக வைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்பு, இந்த ஞாயிறு, ஒவ்வொருவரும் தங்கள் பால்கனியை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.