மறை எஃகு இணைப்பு

மறை எஃகு இணைப்பு என்பது, மர உத்திரங்களையும் தூண்களையும் பொருத்தும் எஃகு உறுப்புக்கள் வெளியில் தெரியாதவாறு மரத்துக்குள்ளேயே அமைக்கப்படும் இணைப்பு முறை ஆகும். பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்யப்படும் ஒட்டு மர உத்திரங்களில் இது பரவலாகப் பயன்படுகின்றது. தோற்றத்துக்காக மட்டுமன்றித் தீப் பாதுகாப்புக்காகவும் இம்முறை கையாளப்படுகின்றது.

அமைப்பு

உத்திரத்தின் முனையில் ஒடுங்கிய காடி ஒன்று வெட்டப்படும். தூணுடன் பொருத்தப்பட்ட எஃகுத் தகடு இக்காடிக்குள் செருகப்படும். பின்னர், உத்திரத்தின் பக்கத்திலிருந்து மரத்தையும் தகட்டையும் ஊடுருவிச் செல்லுமாறு உருளை வடிவ எஃகு முளைகள் அடிக்கப்படும். முளைகளின் முனைகள் மரப்பரப்புக்குச் சற்று உள்ளே நிற்கும். துளைவாய்கள் மர அடைப்பான்களால் மூடப்படும். சுமை கூடிய இடங்களில் பல தகடுகள் இணையாகச் செருகப்படுவதுண்டு. நோர்வேயின் புரூமுன்டாலில் 2019 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட, 18 மாடிகளும் 85.4 மீட்டர் உயரமும் கொண்ட மியோஸ்டோர்னெ என்னும் மரக் கட்டிடத்தில் இவ்வகை இணைப்புக்கள் உள்ளன.

தீப் பாதுகாப்பு

எஃகு எரிவதில்லை, எனினும் விரைவில் சூடேறி, 600 பாகை செல்சியசில் தனது வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். மரம் எரியும்போது மேற்பரப்பில் உருவாகும் கரிப்படை, உள்ளிருக்கும் மரத்துக்குக் காப்பாக அமைகின்றது. மென்மரத்தாலான ஒட்டு மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரியாகும். இதன்படி ஒரு மணிநேரத்தில் கரியாகும் ஆழம் ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் ஆகும். தகட்டு விளிம்புகளும் முளை முனைகளும் இதனினும் ஆழத்தில் இருத்தல் வேண்டும். காடியின் வாயும் திறந்திருத்தல் ஆகாது. இல்லையெனில் அதனூடாக வெப்பம் தகட்டை அடையும்.

குறைபாடுகள்

* மரம் உலரும்போது இழைகளுக்குக் குறுக்காகச் சுருங்கும். எஃகு அவ்வாறு சுருங்குவதில்லை. இதனால் முளை வரிசைகளை ஒட்டி மரம் பிளவுறலாம்.
* காடியும் துளைகளும் மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பைக் குறைக்கின்றன.
* துருவோ விரிசலோ ஏற்பட்டால் வெளியிலிருந்து கண்டறிதல் கடினம். ஓக் போன்ற அமிலத்தன்மை கொண்ட மரங்களில் துருப்பிடித்தல் விரைவாக நிகழும்.

பால விபத்துக்கள்

நோர்வேயில் 2016 ஆம் ஆண்டில் பெர்க்கோலோ மரப்பாலம், இணைப்பொன்றின் வடிவமைப்புப் பிழையால் இடிந்து வீழ்ந்தது. 2012 இல் திறக்கப்பட்ட திரெத்தென் பாலம் 2022 ஆகத்து 15 அன்று இடிந்தது. அப்போது பாலத்தின் மீதிருந்த இரு வாகனங்களின் ஓட்டுநர்களும் உயிர் தப்பினர். சாய்வு உறுப்பொன்றின் இணைப்பில், முளைக் கூட்டத்தைச் சூழ்ந்த மரம் ஒரே துண்டாகக் கிழிந்து வெளிவந்ததே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. எனவே முளைகளின் வலிமையைத் தனித்தனியே கணக்கிடுவது போதாது. முளைக் கூட்டம் முழுவதும் மரத்தோடு பெயர்ந்து வரும் வாய்ப்பையும் கணக்கிடுதல் இன்றியமையாதது.