வைக்கலுக்கு ஒரு நூற்பா

உரை சொல்ல மூலம் வேண்டும். அதனால் மூன்று அடியை நானே கட்டிக்கொண்டேன்.

தாளினுள் இனிமை, தகர்ப்பது அரிது.
தகர்ந்தபின் புளித்தல் தானே நிகழும்.
மாடுண்ட மிச்சம் வாகனம் உண்க.

தாளினுள் இனிமை: நெற்தாளில் மற்றெதையும்விட மிகுதியாக இருப்பது செல்லுலோசு, அதாவது குளுக்கோசு கோத்த சங்கிலி. அரிசி மாவிலும் அதே குளுக்கோசுதான். கோத்த விதம் வேறு. ஆகவே சோறு நமக்கு, வைக்கல் மாட்டுக்கு.

தகர்ப்பது அரிது: அந்தச் சங்கிலியை லிக்னின் என்னும் மரப்பொருள் இறுக்கிப் பூசியிருக்கிறது, போதாததற்குச் சிலிக்காவும் உண்டு. தாளை வேகமாய் உருவினால் கை கீறுவது அதனால்தான். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் சங்கிலியை ஆறுதலாகத் தகர்த்துவிடும். வைக்கலில் எதனோல் எடுக்கும் ஆலைக்கோ ஆவி, அமிலம், விலைகூடிய நொதியம் எல்லாம் வேண்டும். ஹரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் திறந்த ஆலைக்கு இந்திய ரூபாயில் 900 கோடிக்கு மேல் செலவு. ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கலில் 3 கோடி லீற்றர் எதனோல் எடுப்பது அதன் இலக்கு. தொன்னுக்கு 150 லீற்றர்.

தகர்ந்தபின் புளித்தல்: சங்கிலி தகர்ந்தால் கிடைப்பது சீனி. சீனி புளிப்பதற்குப் பனையுள்ள ஊரில் உரை தேவையில்லை. சுண்ணாம்பு தடவாத முட்டியில் இறங்குவது கள்ளு, வடித்தால் சாராயம். வாகனத்துக்கு ஊற்றும் எதனோலும் அதுவே, தண்ணீர் முற்றாக நீக்கியது.

மாடுண்ட மிச்சம்: இந்த அடிக்காகத்தான் மற்ற இரண்டையும் கட்டினேன். ஹரியானாவில் நெல் வெட்டியதும் கோதுமை விதைக்க வேண்டும். அந்த அவசரத்தில் தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள், புகை டெல்லிவரை போகிறது. அங்கே ஆலை நியாயம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மழையை நம்பிய காலபோக நெல் ஒன்றுதான். ஆனி, ஆடியில் புல் கருகினால் மாட்டுக்கு வைக்கலே கதி. யாழ்ப்பாண மாவட்டத்து வைக்கல் முழுவதையும் அள்ளினாலும் பானிபட் ஆலைக்குக் காணாது.

இன்னொன்று, தண்ணீர். எங்கள் கீரிமலைக் கேணியில் ஊறுவது சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளால் கசிந்து வரும் மழைநீர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டுக்குக் கிணறுதான் எல்லாம். ஊற்றிய எதையும் உள்ளே விடும் அந்தக் கல்லின்மேல் அமிலம் பாவிக்கும் ஆலையை வைப்பது புத்தியான வேலை அல்ல.

மிச்சம் இருந்தால் சின்ன வழி உண்டு. ஜா-எல ஏக்கலயிலுள்ள தேசிய எந்திரவியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கலையே அடைத்து உயிரியல் வாயு எடுக்கும் கலனை எப்போதோ செய்து காட்டிவிட்டது. ஒருமுறை சாணத்தோடு அடைத்தால் பல மாதம் அடுப்பு எரியும். மிஞ்சுவது தோட்டத்துக்குப் பசளை.