ஒரு ஹைட்ரஜன் எங்கே நிற்கிறது?

டி.என்.ஏ. கதையில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுக்கு நேர்ந்த அநீதியைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஜெர்ரி டோனஹ்யூவைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1953 பிப்ரவரி, கேம்பிரிட்ஜ். ஜேம்ஸ் வாட்சன் காரங்களைத் தாளில் வரைந்து அடினினோடு அடினின், தைமினோடு தைமின் என்று ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். அவரோடு ஒரே அறையில் இருந்த அமெரிக்கப் படிகவியலாளர் டோனஹ்யூ, இது சரிப்படாது என்றார்.

தைமின் ஒரு பிரிமிடின். நான்கு கார்பனும் இரண்டு நைட்ரஜனும் சேர்ந்த அறுகோண வளையம். அதன் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜன்மேல் இருப்பதாக அன்றைய பாடநூல்கள் வரைந்துவைத்திருந்தன. போதிய ஆதாரமே கிடையாது. உண்மையில் அது இருப்பது வளையத்தின் நைட்ரஜன்மேல். குவானினுக்கும் இதே கதைதான்.

சரி, ஓர் அணு தள்ளி நின்றால் என்ன? ஹைட்ரஜன் பிணைப்பில் ஒரு பக்கம் ஹைட்ரஜனை நீட்டணும், மறுபக்கம் பிடிக்கணும். அணு இடம் மாறினால் நீட்டுகிற கையே மாறிவிடும்.

திருத்திய வடிவங்களை அட்டையில் வெட்டி, பிப்ரவரி 28 காலை வாட்சன் மேசையில் நகர்த்திப் பார்த்தார். அடினின்–தைமின் ஜோடியும் குவானின்–சைட்டோசின் ஜோடியும் ஒரே அளவில் வந்து உட்கார்ந்தன. அடினினும் தைமினும் சம அளவு, குவானினும் சைட்டோசினும் சம அளவு என்று எர்வின் சார்காஃப் முன்பே கண்டதற்கும் காரணம் கிடைத்தது.

ஏப்ரல் 25 ‘நேச்சர்’ கட்டுரையின் கடைசியில் டோனஹ்யூவுக்கு ஒரு வரி நன்றி. 1962 நோபல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது. இன்றைய பாடநூல்களில் தைமின் டோனஹ்யூ சொன்ன வடிவத்தில்தான் இருக்கிறது. அவர் பேரைத்தான் தேடணும்.