வேலையளிக்கும் நிறுவன அமைவு (சம்பள மென்பொருள்)

வேலையளிக்கும் நிறுவன அமைவு என்பது, மேகக் கணிமை வழி இயங்கும் மனிதவள, சம்பள மென்பொருள்களில், ஒரு பணியாளருக்குச் சட்டப்படி சம்பளம் வழங்கக் கடமைப்பட்டவர் யார் என்பதைப் பதிவு செய்யும் தொடக்கப் பணி ஆகும். பணியாளர்களின் பெயர்களை உள்ளிடுவதற்கு முன்பே இதனைச் செய்து முடிக்க வேண்டும். வருமான வரிப் பிடித்தம், வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் அரசுக் காப்பீடு, தொழில் வரி ஆகிய அனைத்தும் யாருடைய எண்ணின் கீழ் அரசுக்குச் செல்லும் என்பதை இந்தப் பதிவே தீர்மானிக்கிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டு நடைமுறையை, குறிப்பாகச் சென்னை மாநகராட்சிப் பகுதியான சைதாப்பேட்டையில் அலுவலகம் கொண்ட ஒரு நிறுவனத்தின் நிலையை, எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பெயர்கள்

இந்தப் பதிவுக்கு ஒவ்வொரு மென்பொருளும் வெவ்வேறு பெயர் வழங்குகிறது. ஆரக்கிளின் மனிதவள மென்பொருளில் இது 'லீகல் எம்ப்ளாயர்' எனவும், எஸ்ஏபி சக்சஸ்பேக்டர்சில் 'லீகல் என்டிட்டி' எனவும், வொர்க்டேயில் 'கம்பெனி' எனவும் அழைக்கப்படுகிறது. சென்னை தரமணியில் தலைமையகம் கொண்ட ராம்கோ சிஸ்டம்ஸ், கூடுவாஞ்சேரி அருகே இயங்கும் சோகோ ஆகிய தமிழ்நாட்டு நிறுவனங்களும் சம்பள மென்பொருள்களை வழங்குகின்றன. பெயர் எதுவாயினும் கருத்து ஒன்றே. வணிகப் பெயர், துறை, கிளை, பணியிடம் ஆகியவை வேலையளிப்பவர் அல்ல. சம்பளத்துக்குப் பொறுப்பேற்கும் சட்டப்படியான ஆளே வேலையளிப்பவர்.

வேலையளிப்பவர் யார்?

இது எளிய கேள்வி போலத் தோன்றினாலும் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் ஒருவரே இரு பெயர்ப் பலகைகளுடன் இரு கடைகள் நடத்தினால், இரண்டிலும் பணிபுரிவோருக்கு வேலையளிப்பவர் அந்த ஒருவரே. எனவே மென்பொருளில் ஒரு நிறுவனமும் இரு பணியிடங்களும் அமைக்கப்பட வேண்டும். மாறாக, ஒரே கட்டிடத்தில், ஒரே பெயர்ப் பலகையின் கீழ், ஒரே குடும்பத்தினர் நடத்தும் ஒரு கூட்டாண்மையும் ஒரு தனியார் வரையறை நிறுவனமும் இயங்கினால், அவை இரு வேலையளிப்பவர்கள் ஆகும்.

வருமான வரித்துறையின் நிரந்தரக் கணக்கு எண் (பான்) இதற்கு நல்ல வழிகாட்டி. பத்து இடங்கள் கொண்ட அவ்வெண்ணின் நான்காம் எழுத்து உரிமையாளரின் வகையைக் காட்டுகிறது. நிறுவனத்துக்கு 'சி', கூட்டாண்மைக்கு 'எஃப்', தனி மனிதருக்கு 'பி', அறக்கட்டளைக்கு 'டி' என அமையும். தனி உரிமையாளர் இறந்து அவர் மகன் கடையை ஏற்று நடத்தினால், பலகையும் பணியாளர்களும் மாறாவிட்டாலும் இவ்வெண் மாறிவிடும். மென்பொருளில் பழைய பதிவின் பெயரை மட்டும் திருத்துவது அந்நிலையில் போதாது.

தேவைப்படும் எண்கள்

வரிப் பிடித்தத்துக்கு 'டேன்' எனப்படும் தனி எண் வேண்டும். இதில் நான்கு எழுத்துகள், ஐந்து இலக்கங்கள், ஓர் எழுத்து என்ற வரிசையில் பத்து இடங்கள் உள்ளன. சென்னையில் பெறப்படும் எண்கள் 'சிஎச்இ' என்ற எழுத்துகளுடன் தொடங்கும். ஒரு நிறுவனம் அனைத்துக் கிளைகளுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தலாம், கிளைவாரியாகவும் பெறலாம். ஆகவே மென்பொருளில் வேலையளிப்பவர் பதிவும் வரிப் பிடித்தப் பதிவும் ஒன்றே எனக் கொள்ளுதல் கூடாது. ஆரக்கிள் மென்பொருளில் வரி அறிக்கை அலகு என ஒன்று தனியே வைக்கப்பட்டிருப்பது இவ்வகை வேறுபாடுகளுக்காகவே.

வருங்கால வைப்பு நிதி 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும், தொழிலாளர் அரசுக் காப்பீடு பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். கிளைகள் எங்கிருந்தாலும் அவை ஒரே நிறுவனத்தின் பகுதிகள் என 1952 ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வகுத்தது. சைதாப்பேட்டையில் 12 பேரும் ஓசூரில் 9 பேரும் பணிபுரிந்தால் எண்ணிக்கை 21 ஆகும். இரு கிளைகளையும் இரு நிறுவனங்களாக மென்பொருளில் பிரித்து வைத்தாலும் இக்கடமை நீங்காது.

2020 பெப்ரவரிக்குப் பின் பதிவு செய்யப்படும் கம்பனிகளுக்கு, பதிவின்போதே வைப்பு நிதி எண்ணும் காப்பீட்டு எண்ணும் வழங்கப்படுகின்றன. எண் இருப்பதனாலேயே பங்களிப்பு தொடங்கிவிடுவதில்லை. உரிய எண்ணிக்கையை எட்டும்போதே தொடங்குகிறது. ஆதலால் எண்ணுடன் அது நடைமுறைக்கு வரும் நாளையும் உள்ளிட வேண்டும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், சில மென்பொருள்கள் முதல் மாதம் முதலே பிடித்தம் செய்யத் தொடங்கிவிடும்.

தொழில் வரியும் பணியிடமும்

தமிழ்நாட்டில் தொழில் வரியை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை பெறுகின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும் அக்டோபர் முதல் மார்ச்சு வரையும் இரு அரையாண்டுகள் ஆகும். அரசியலமைப்பின் 276 ஆம் உறுப்பு ஓராண்டுக்கான உச்ச வரம்பை ரூ. 2,500 என வரையறுக்கிறது. கர்நாடகத்தில் இவ்வரி மாநில அரசுக்கு மாதந்தோறும் செலுத்தப்படுகிறது. எனவே சைதாப்பேட்டை, ஓசூர், பெங்களூரு ஆகிய மூன்று இடங்களில் கிளைகள் கொண்ட நிறுவனத்துக்கு வேலையளிப்பவர் ஒருவரே எனினும், தொழில் வரிக்கு மூன்று பணியிடப் பதிவுகள் தேவை. அவை முறையே சென்னை மாநகராட்சி, ஓசூர் மாநகராட்சி, கர்நாடக அரசு ஆகியவற்றுக்கு உரியன.

உள்ளாட்சி எல்லைகள் நிலையானவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். சைதாப்பேட்டைக்கு அருகிலுள்ள ஆலந்தூர் 2011 வரை தனி நகராட்சியாக இருந்து, பின்னர் சென்னை மாநகராட்சியில் இணைக்கப்பட்டது. பல்லாவரமோ 2021 இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. மக்கள் வழக்கில் எல்லாம் சென்னைதான். வரிக்கு அவ்வாறு அல்ல. முகவரியில் 'சென்னை' என்ற சொல்லைக் கண்டு மென்பொருள் தானே தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சி அமைப்பைச் சரிபார்க்காமல் ஏற்பது தவறு.

தவறான அமைவின் விளைவுகள்

வைப்பு நிதிக்கான மின்னணு மாதாந்தர அறிக்கை 2012 இலும், பணியாளருக்கான நிலையான பொதுக் கணக்கு எண் 2014 இலும் அறிமுகமாயின. அதன்பின் மென்பொருள் உருவாக்கும் கோப்பே நேரடியாக அரசுத் தளத்தில் ஏற்றப்படுகிறது. காகிதப் பதிவேட்டுக் காலத்தில் எழுத்தர் ஒருவர் கண்டு திருத்தியிருக்கக்கூடிய பிழை, இன்று மாதந்தோறும் அப்படியே பதிவாகிறது.

மிகுதியாகப் பாதிக்கப்படுவோர் குழும நிறுவனங்களுக்கிடையே மாற்றப்படும் பணியாளர்கள் ஆவர். அவர் அதே மேசையில் அமர்ந்து அதே பணியைத் தொடர்ந்தாலும், சட்டப்படி ஒரு நிறுவனத்திலிருந்து விலகி மற்றொன்றில் சேர்கிறார். முதல் நிறுவனம் விலகல் நாளைக் குறிக்க வேண்டும். இரண்டாவது நிறுவனத்தின் கீழ், அதே பொதுக் கணக்கு எண்ணுடன், புதிய உறுப்பினர் எண் உருவாக வேண்டும். மென்பொருளில் இதனை வெறும் துறை மாற்றமாகப் பதிந்தால், சம்பளம் ஒரு நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்தும் வைப்பு நிதி மற்றொன்றின் எண்ணிலும் செல்லும். விலகல் நாள் குறிக்கப்படாத நிலையில், பழைய கணக்கிலுள்ள தொகையைப் புதியதற்கு மாற்றக் கோரும்போது பணியாளரே அலைய நேரிடும்.

வரியிலும் இதே சிக்கல் உண்டு. ஆண்டின் நடுவில் மாறியவரின் முந்தைய சம்பளத்தை இரண்டாவது நிறுவனத்தின் பதிவில் சேர்க்காவிடில், வரியில்லா வரம்பு இருமுறை கணக்கிடப்பட்டு மாதப் பிடித்தம் குறைந்துவிடும். அப்போது பணியாளருக்குக் கையில் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும் என்பதால் எவரும் ஐயுறுவதில்லை. ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்யும்போது நிலுவை முழுவதும் அவர் தலையில் விழும். பணிக்கொடைக்கான பணிக்காலமும் முறிந்ததாகத் தோன்றலாம். இதற்காகவே பல மென்பொருள்கள் முதல் சேர்க்கை நாளையும் நடப்பு நிறுவனத்தில் சேர்ந்த நாளையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்கின்றன.

ஒப்பந்ததாரர் மூலம் வருவோருக்கு ஒப்பந்ததாரரே வேலையளிப்பவர். ஆயினும் அவர் செலுத்தத் தவறும் வைப்பு நிதிக்கு முதன்மை வேலையளிப்பவரும் பொறுப்பாவார். ஆகவே இவர்களைத் தம் நிறுவனப் பதிவில் சேர்க்காமல், தனி வகையாகப் பதிந்து, ஒப்பந்ததாரரின் எண்ணையும் உடன் வைத்திருத்தல் நலம்.

அண்மைய மாற்றங்கள்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி, விலக்களிக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். 2025 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் 1961 ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக அமைகிறது. முன்னதாகவே மென்பொருளைப் பயன்படுத்தி வரும் நிறுவனங்கள், பழைய விதிகளை அழித்து எழுதாமல், புதிய விதிகளை உரிய தொடக்க நாளுடன் சேர்க்க வேண்டும். அழித்துவிட்டால் முந்தைய மாதங்களுக்கான நிலுவைச் சம்பளத்தைப் பின்னர் கணக்கிட இயலாது.