போர்வைக்குள் மறைந்த கை

உட்ரோ வில்சனைப் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 14 அம்சத் திட்டம், பன்னாட்டுச் சங்கம்... தேர்வுக்கு அவ்வளவு போதும். அவர் பாடுபட்டு உருவாக்கிய அந்தச் சங்கத்தில் அமெரிக்கா மட்டும் ஏன் சேரவில்லை என்று தேடியபோதுதான் அவருடைய இடது கையைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது.

வெர்சேல்ஸ் உடன்படிக்கையை ஏற்க செனட் சபை முரண்டு பிடித்தது. மக்களிடமே நியாயம் கேட்போம் என்று 1919 செப்டம்பரில் ரயிலேறினார் வில்சன். மூன்று வாரங்களில் சுமார் 8,000 மைல். ஏற்கெனவே இரத்த அழுத்தம், தலைவலி வேறு. செப்டம்பர் 25 அன்று கொலராடோவில் பேசி முடித்த இரவு உடல்நிலை மோசமாகி, பயணம் பாதியில் நின்றது. அக்டோபர் 2 அன்று வெள்ளை மாளிகையில் பக்கவாதம் தாக்கியது.

நம் உடலின் இடது பக்கத்தை இயக்குவது மூளையின் வலது பாதி. அங்கே இரத்தக்குழாய் அடைபட்டதால் வில்சனின் இடது கையும் காலும் செயலிழந்தன. இன்றைக்கு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அடைப்பைக் கரைக்க ஊசி போடலாம். அன்று ஸ்கேன்கூடக் கிடையாது.

ஆனால் நாட்டுக்குச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? வெறும் நரம்புச் சோர்வாம்! மனைவி எடித்தும் டாக்டர் கிரேசனும் சேர்ந்து உண்மையை மறைத்தார்கள். எந்தக் கோப்பு அதிபரின் கட்டிலுக்குப் போகலாம் என்பதை எடித்தே முடிவு செய்தார். சந்தேகப்பட்ட செனட் சபை, டிசம்பர் 5 அன்று இரண்டு உறுப்பினர்களை அனுப்பிப் பார்த்தது. மங்கலான வெளிச்சம், படுக்கையில் வில்சன். செயலிழந்த கை போர்வைக்குள். வலது கையை நீட்டிக் கைகுலுக்கி, நன்றாகவே பேசினார். வந்தவர்கள் நம்பிவிட்டுப் போனார்கள்.

சில திருத்தங்களுக்குச் சம்மதித்திருந்தால் உடன்படிக்கை நிறைவேறியிருக்கலாம். வில்சன் அசையவில்லை. 1920 மார்ச் 19 அன்று 7 வாக்குகள் குறைந்து தோற்றது. மூளைப் பாதிப்புதான் அவரைப் பிடிவாதக்காரர் ஆக்கியது என்கிறார்கள் சிலர். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. அவர் முன்பும் பிடிவாதக்காரர்தான். ஆனால் நல்ல உடல்நிலையோடு இருந்தவரை எதிர்த்துப் பேசவாவது நாலு பேர் நெருங்க முடிந்தது. அந்த அறைக்குள் யாரும் நுழைய முடியவில்லையே!

அமைச்சரவையைத் தானே கூட்டிய வெளியுறவு அமைச்சர் லான்சிங் 1920 பிப்ரவரியில் பதவி இழந்தார். வில்சன் 1921 மார்ச் வரை அதிபராகவே நீடித்தார். அதிபர் செயலற்றுப் போனால் அதை யார் அறிவிப்பது என்பதற்கு 1967-இல் 25-ஆவது சட்டத் திருத்தம் வரும்வரை தெளிவான விதியே இல்லை.